சாராயம் குடித்த பிரேக்கு

அந்தக் கார் நிற்க மறுத்த அன்று, தனக்கொடியின் கைகளில் இருந்த கண்ணாடி வளையல்கள் அத்தனையும் தூளாகிப் போயின.

கோரிமேட்டு இறக்கத்தில் நடந்தது அது. சாலை புதுச்சேரிப் பட்டணத்தை நோக்கிச் சரிந்து இறங்கும் இடம். எதிரே மாட்டு வண்டி. அவள் கணவர் சக்கரபாணி பிரேக்கை ஓங்கி மிதித்தார். அடியில் ‘டங்’கென்று ஒரு சத்தம். பிரேக்கை இழுக்கும் இரும்புக் கயிறு அறுந்து தொங்கியது. கார் மாடுகளுக்கு வழி விட்டு, சாலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, முந்திரித் தோப்புக்குள் புகுந்து ஒரு மரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. உயிருக்குச் சேதமில்லை. பேருக்குத்தான் சேதம்.

அந்தப் பேர் கிளியனூர் வரைக்கும் போய்விட்டது.

கிளியனூரில்தான் மகள் ரஞ்சிதத்தைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இப்போது அவளுக்கு மாதம் ஏறிவிட்டது. வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். நாள் பேசப் போன தனக்கொடியிடம் சம்பந்தி அஞ்சலாட்சி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொன்னாள்.

“வளைகாப்புப் போடுங்க, வேணாங்கல. புள்ளைய எதுல கூட்டிகினு போவீங்க? பஸ்சுல மூட்டையோட மூட்டையா அனுப்ப மாட்டேன். உங்க காருக்கோ முந்திரித் தோப்புக்குப் போவத்தான் வழி தெரியும்.”

“அவுரு புதுசா பிரேக்கு மாத்தறாரு சம்பந்தியம்மா.”

“மாத்தறதும் உங்க வூட்டுக்காரரு, நல்லா புடிக்குதுன்னு சொல்லப்போறதும் அவுரேதான? வேத்து ஆளு யாராச்சும் வந்து சொல்லட்டும், அனுப்பறேன். இல்லன்னா எங்க ஊரு மருத்துவச்சி பாத்துக்குவா.”

மருத்துவச்சி! ரஞ்சிதத்துக்கு மூத்ததாகத் தனக்கொடிக்கு ஒரு பிள்ளை இருந்திருக்க வேண்டும். கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்தது. கிராமத்து மருத்துவச்சி கையைப் பிசைந்துகொண்டு நிற்க, ஒரு தரம் கூட அழாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு ரஞ்சிதத்தைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பெற்றாள். மகளும் அங்கேதான் பெற வேண்டும். அதற்கு அந்தக் கிழட்டுக் கார் கோரிமேட்டு இறக்கத்தில் நின்றாக வேண்டும்.

கார் யுத்தத்துக்கு முந்தியது. கப்பலேறித் தாய்நாடு போன ஒரு பிரெஞ்சுத் துரையிடம் சக்கரபாணி வாங்கியது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பிய மனிதர் அவர். பேச்சில் பாதி பிரெஞ்சு, வேட்டியில் பாதி கிரீஸ்.

“இந்தக் கயித்த நம்பி இனிமே ஓட்ட முடியாது தனம். எண்ணெய் பிரேக்கு போட்டுடுவோம்” என்றார்.

முத்தியால்பேட்டை வீட்டுக் கொல்லையில் கார் நான்கு மரக்கட்டைகள் மேல் ஏறி நின்றது. உடைத்து விற்ற ஒரு ஜீப்பிலிருந்து வேண்டியதை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார். மிதிக்கும் கட்டைக்குக் கீழே ஒரு சின்ன பம்பு. அதிலிருந்து செம்புக் குழாய்கள், பேனாவை விட ஒல்லியாக, நாலு சக்கரத்துக்கும் ஓடின. தனக்கொடி அவற்றைப் பார்த்தாள். தன் கழுத்துச் சங்கிலி இதைவிடத் தடிமன். இதுவா ஒரு காரைப் பிடித்து நிறுத்தப் போகிறது?

எல்லாம் மாட்டியாகிவிட்டது. ஊற்ற வேண்டிய எண்ணெய் மட்டும் சென்னையிலிருந்து வந்து சேரவில்லை. விடிந்தால் வளைகாப்பு.

பொழுது சாயும் நேரத்தில் சக்கரபாணி கையில் இரண்டு பாட்டிலோடு தெருவில் வந்தார். பக்கத்து வீட்டு அங்கம்மாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

“இன்னா தனக்கொடி, உன் வூட்டுக்காரரு ஒரு கையில சாராயம், ஒரு கையில வெளக்கெண்ணெ! ஏத்தறதுக்கு ஒண்ணு, எறக்கறதுக்கு ஒண்ணா?”

“காருக்குக்கா.”

“எங்க வூட்டு ஆளும் அப்டித்தான் சொன்னாரு, மாட்டுக்குன்னு. கடைசியில மாடு நின்னுச்சு, அவுருதான் வுழுந்தாரு.”

தனக்கொடி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

“சைகோன்ல எண்ணெ தீந்து போனா இதைத்தான் கலந்து ஊத்துவோம் தனம். மத்த எண்ணெ பட்டா உள்ள இருக்கற ரப்பர் ஊதிப்போவும். வெளக்கெண்ணெ ஒண்ணும் பண்ணாது. ஆனா கெட்டியா நிக்கும், நகராது. சாராயம் உள்ள போனாத்தான் ஓடும்.”

“ஆம்பளைங்களும் அப்டித்தான்” என்றாள் அவள். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுகிற இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். குழாய்க்குள் அடைந்திருக்கும் காற்றை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மேலே மிதிக்க, ஒருவர் கீழே திறக்க.

“நான் ‘அலே’ன்னா மிதி. மிதிச்சுகினே இரு. ‘லாஷே’ன்னா வுடு. மாத்திட்டா காத்து உள்ள பூந்துடும்” என்றபடி அவர் காருக்கு அடியில் மறைந்தார்.

“அலே!”

மிதித்தாள். பஞ்சு மூட்டையில் கால் வைத்தது போலக் கட்டை தரை வரைக்கும் போனது. கீழே குபுகுபுவென்று நுரை விடும் சத்தம். சாராய நெடி குப்பென்று ஏறியது.

“லாஷே!”

விட்டாள். அலே, லாஷே, அலே, லாஷே. ஒவ்வொரு சக்கரமாக அவர் நகர்ந்தார். அவளுக்கு முழங்கால் கடுத்தது. கொசு பிடுங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டை மேலேயே நிற்கத் தொடங்கியது. திடீரென்று ஒரு மிதியில், காலுக்குக் கீழே பஞ்சு இல்லை. கருங்கல்!

அவள் திடுக்கிட்டுக் காலை எடுத்துவிட்டாள்.

“இன்னாங்க, எதுவோ புடிச்சுக்கிச்சு!”

சக்கரபாணி முகமெல்லாம் எண்ணெயோடு வெளியே வந்தார். “பொன்!” என்றார், பல்லெல்லாம் தெரிய. பிரெஞ்சில் அதற்கு ‘நல்லது’ என்று அர்த்தம். “எறங்கி வா. நான் மிதிக்கிறேன், நீ சக்கரத்தச் சுத்திப் பாரு.”

அந்தரத்தில் நின்ற சக்கரத்தை அவள் சுற்றிவிட்டாள். ராட்டினம் போலச் சுழன்றது. உள்ளே அவர் காலை அசைத்தது கூடத் தெரியவில்லை. சக்கரம் நின்றது. இரண்டு கையாலும் இழுத்தாள். அசையவில்லை. மறுபக்கம் ஓடினாள். அங்கேயும் அப்படியே. பின்னால் ஓடினாள். அங்கேயும்.

“காத்து அமுங்கும். எண்ணெ அமுங்காது. இங்க நான் எவ்ளோ அமுக்கறனோ, அது நாலு எடத்துலயும் ஒரே நேரத்துல போய் நிக்கும்” என்றார் அவர்.

இந்த வீட்டில் அவள் ஒரு சொல் சொல்லி இரண்டு பேர் ஒன்றாகக் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. இங்கேயோ ஒரு கால் சொன்னதை நாலு சக்கரம், ஒன்றை ஒன்று திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்கிறது. நடுவில் இருப்பது என்ன? பிள்ளைகளுக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு புகட்டும் விளக்கெண்ணெய். சண்டையிழுக்கும் சாராயம். அந்தச் சக்கரத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

“ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கணும்” என்றார் சக்கரபாணி, தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போல. “எறக்கத்துல மிதிச்சுகினே வரக்கூடாது. சக்கரம் காஞ்சா சாராயம் கொதிக்கும். கொதிச்சா ஆவி. ஆவின்னா காத்து. காத்துன்னா முந்திரித் தோப்பு.”

மறுநாள் காலையில் சீர்வரிசைத் தட்டுகளோடு கார் கோரிமேடு ஏறியது. அங்கேதான் எல்லை. இந்தப் பக்கம் புதுச்சேரி, சாராயக் கடை. அந்தப் பக்கம் சென்னை ராஜ்யம், மதுவிலக்கு. குறுக்கே ஒரு மூங்கில். மூங்கிலுக்குப் பக்கத்தில் போலீஸ்.

பாலகுரு என்ற போலீஸ்காரர் ஜன்னலுக்குள் தலையை விட்டார். மூக்கு விடைத்தது.

“சார்! அடிக்குது சார்!”

சப்-இன்ஸ்பெக்டர் காசிலிங்கம் நிதானமாக வந்தார். தட்டுகளைத் தூக்கிப் பார்த்தார்கள். சீட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். பாட்டில் இல்லை. நெடி மட்டும் இருந்தது.

“எங்கய்யா வச்சிருக்கே?”

பட்டாளத்து மனிதருக்குப் பொய் வராது. “பிரேக்குல இருக்குங்க” என்றார் சக்கரபாணி.

காலடிப் பலகையைப் பெயர்த்து, பம்பின் மூடியைத் திறந்தார்கள். காசிலிங்கம் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். அவர் முகம் எட்டு வயசுப் பையனின் முகமாகச் சுருங்கியது.

“வெளக்கெண்ணெ!” தூ தூவென்று துப்பினார். பிறகு கண் சிவந்தது. “இதுல கலந்து கடத்தறீங்களா? பாலகுரு, ஸ்பானர எடு. நாலு சக்கரத்துலயும் தொறந்து தரையில வுடு!”

“தூஸ்மான் முசே, தூஸ்மான்!” என்று பதறினார் சக்கரபாணி.

“இன்னாய்யா, திட்டறியா?”

“மெதுவான்னு சொன்னேங்க!”

பாலகுரு ஸ்பானரோடு குனிந்தார். தனக்கொடி மனசுக்குள் கணக்குப் போட்டாள். இது கீழே போனால் மறுபடி கலந்து ஊற்றிக் காற்றை எடுப்பதற்குள் வளைகாப்பு நேரம் தாண்டிவிடும். பிரேக் இல்லாத காரில் ரஞ்சிதம் ஏற முடியாது. கிளியனூர் மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டு காத்திருப்பாள்.

தனக்கொடி இறங்கிப் போய்ச் சக்கரத்துக்கு முன்னால் நின்றாள்.

“ஐயா, ஒரே ஒரு பேச்சு. நீங்க எத்தினி பேர் வேணாலும் சேந்து வண்டியத் தள்ளுங்க. நான் ஒத்தக் காலால நிறுத்தறேன். நிக்கலன்னா நீங்களே தரையில ஊத்திடுங்க. கேக்க மாட்டேன்.”

காசிலிங்கம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். என்ன தோன்றியதோ, தலையசைத்தார்.

மூடியைப் போட்டு இறுக்கினார்கள். பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு தனக்கொடி ஏறி உட்கார்ந்தாள். வெறுங்கால். பின்னால் நாலு போலீஸ்காரர்கள் தோள் கொடுத்தார்கள். கார் உருண்டது. வேகம் பிடித்தது. மூங்கில் நெருங்கியது.

“அலே” என்றாள் தனக்குள்.

கருங்கல்!

கார் நட்ட இடத்தில் நின்றது. தள்ளி வந்தவர்கள் நிற்கவில்லை. ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து பின்பக்கத்தில் மோதினார்கள். ஒரு தொப்பி உருண்டு போனது. பாலகுரு முழங்காலைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

“இன்னொரு வாட்டி” என்றார் காசிலிங்கம். இந்த முறை அவரும் தோள் கொடுத்தார். அதே கதை.

அவர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு சக்கரத்துக்கு முன்னால் குந்தினார். செம்புக் குழாயை ஒரு விரலால், கோயில் விளக்கைத் தொடுவது போல, மெல்லத் தொட்டார்.

“என் சர்வீசுல சாராயம் ஆள வுழ வச்சுத்தான் பாத்திருக்கேன்” என்றார். “நிக்க வச்சு இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

தனக்கொடிக்குச் சட்டென்று பொறி தட்டியது. “ஐயா, இதையே எங்க சம்பந்தியம்மா கிட்ட ஒரு ஆளு வந்து சொன்னா, எம் பொண்ணு ஊடு வந்து சேந்துடுவா.”

“பாலகுரு, கூடப் போ. அப்டியே, ஒரு சொட்டு கொறையாம திரும்பி வருதான்னும் பாத்துக்கோ.”

கிளியனூரில் காக்கிச் சட்டையைக் கண்டதும் அஞ்சலாட்சி எழுந்து நின்றுவிட்டாள். பாலகுரு சுற்றி வளைக்கவில்லை.

“அஞ்சு பேர் தள்ளினோம்மா. இந்தம்மா கால வச்சாங்க. பூமியில வேர் வுட்ட மாதிரி நின்னுச்சு. எம் முட்டியப் பாருங்க.”

முட்டியைக் காட்டினார். கூடியிருந்த பெண்கள் முட்டியைப் பார்த்தார்கள், பிறகு காரைப் பார்த்தார்கள். ஒருத்தி போய்ச் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அஞ்சலாட்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “வளையலப் போடுங்க, நேரம் ஆவுது” என்றாள்.

திரும்பும்போது பாலகுருவை எல்லையில் இறக்கிவிட்டார்கள். பின் சீட்டில் அம்மாவின் மடியில் தலை வைத்து ரஞ்சிதம் தூங்கிப்போயிருந்தாள். முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்புமாக.

இறக்கம் தொடங்கியது. சக்கரபாணி கியரைக் குறைத்தார். என்ஜின் உறுமிக்கொண்டே காரை இழுத்துப் பிடித்தது. முன்னால் விறகு பாரம் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. இடப்பக்கம் அந்த முந்திரித் தோப்பு. தோல் உரிந்த அந்த மரம் கூடத் தெரிந்தது.

மாட்டு வண்டியின் கடையாணி கழன்று விழுந்ததை முதலில் பார்த்தவள் தனக்கொடிதான். சக்கரம் தனியாக உருண்டு ஓடியது. வண்டி சரிந்து, விறகு சரிந்து, சாலை முழுக்கக் குறுக்கே சுவர் எழும்பியது. மாடுகள் மண்டியிட்டன. வண்டிக்காரர் நடுச்சாலையில் கிடந்தார்.

அவள் மகளின் தலையை இரு கையாலும் அணைத்துக்கொண்டாள். வலது கால் தானாகவே தரையை அழுத்தியது. அங்கே கட்டை ஏதும் இல்லை. இருந்தும் அழுத்தினாள்.

“அலே!” என்று கத்தினாள்.

முன்னால் சக்கரபாணியின் முழங்கால் இறங்கியது. அவள் கண்ணை மூடவில்லை. குழாய்க்குள் விளக்கெண்ணெயும் சாராயமும் நாலு திசைக்கும் ஓடுவதை உள்ளங்காலிலேயே கேட்டது போல இருந்தது. எங்கிருந்தோ ஒரு பெரிய கை வந்து காரைப் பின்னாலிருந்து பிடித்தது. இடம் வலம் இழுக்கவில்லை. உதறவில்லை. நாலு சக்கரமும் ஒன்றாக, ஒரே மூச்சில், நின்றன.

விறகுக்கும் காருக்கும் நடுவே வண்டிக்காரர் எழுந்து உட்கார்ந்து, தன் மூக்குக்கு நேரே நின்ற காரின் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘கிண்’ணென்று ஒரே ஒரு சத்தம். ரஞ்சிதத்தின் வளையல்கள் ஒன்றோடு ஒன்று உரசி அடங்கின. தனக்கொடி பதறிப்போய் அந்தக் கையை எடுத்துத் தடவிப் பார்த்தாள். ஒன்று கூட விரிசல் விடவில்லை.

சக்கரபாணி காலை எடுக்காமல், திரும்பாமல், உட்கார்ந்திருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. வெளியே காய்ந்த பிரேக்கின் வாசனையோடு சாராய நெடி லேசாக எழுந்து, முந்திரிப் பூ வாசத்தில் கலந்தது.

ரஞ்சிதம் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“வூடு வந்துடுச்சாம்மா?”

“இல்ல கண்ணு” என்றாள் தனக்கொடி. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “நின்னுட்டோம்.”