புத்தூருக்கு அப்புறம்

"புத்தூரோட என்ன எறக்கி வுட்டுட்டியாடா? அதுக்கு மேல என் கொரலே வரல."

சுதீர் சிரித்தபடி மின்விசிறியை அக்கா பக்கம் திருப்பினான். தேவசேனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தான் பாடிய பாட்டைக் கேட்கவென்றே நகரியில் பஸ் ஏறி, திருப்பதியில் தம்பி வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறைக்கு வந்திருந்தாள். நகரி, புத்தூர், வடமாலபேட்டை என்று வழியில் வரும் ஊர்களைக் கோத்து அவளே கட்டிய பாட்டு. தன் பாட்டு வரப்போகிறது என்று மாமியாரிலிருந்து விசைத்தறிக்காரர்கள் வரை தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இப்போது கேட்டால், 'புத்தூர்' என்ற சொல் யாரோ தூரத்தில் கூப்பிடுவதுபோல் தேய்ந்து போகிறது. மிச்சமெல்லாம் பேஸ் கிட்டாரும் டிரம்மும்.

"கல்யாணத்துக்குக் கூப்ட்டு எல போடாத அனுப்பற மாதிரி கீது," என்றாள்.

டப் இசை என்றாலே அப்படித்தான் என்றான் அவன். ரெகே பாட்டை எடுத்து ஒவ்வொன்றாகக் கழற்றி, எதிரொலியை மட்டும் விட்டுவைப்பது. ஜமைக்காக்காரர்கள் கண்ட வேலை. சித்தூரில் காலேஜ் விழாக்களுக்கு ஸ்பீக்கர் கட்டிய காலத்தில் அவனுக்குப் பிடித்த பைத்தியம். பிறகு அந்த வேலையையும் விட்டு, இந்த அறையில் ஒண்டியாகவே பாட்டுகள் செய்து இணையத்தில் ஏற்றினான். பிரேசிலில் யார் யாரோ கேட்கிறார்கள். நகரியில் இன்னும் அவன் மைக்செட்டுக்காரன்தான். இது அவன் தானே போடும் முதல் இசைத்தட்டு. சாயங்காலத்துக்குள் அச்சுக்கு அனுப்ப வேண்டும். அவளுக்குப் பிடிக்காவிட்டால் இந்தப் பாட்டையே எடுத்துவிடுவதாகச் சொன்னான்.

சொன்ன முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. சின்ன வயதில் தன் பங்கு முறுக்கை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தனக்கு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இப்படித்தான் நிற்பான்.

இன்னொரு தரம் போடச் சொன்னாள். இம்முறை அவன் ஒலிகளைக் கலக்கும் மிக்சர் முன்னால் நின்று கையாலேயே செய்து காட்டினான். அவள் பெயர் ஒட்டியிருந்த சறுக்குப் பொத்தானைக் கீழே இழுத்ததும் குரல் போயிற்று. பேஸ் நெஞ்சுக்குள் இறங்கியது. வடமாலபேட்டை வர வேண்டிய இடம் காலியாக வந்தது. அவள் உதடு தானாக அந்த ஊரைச் சொன்னது.

"கேக்கறவங்களும் இப்டித் தேடுவாங்களா?"

"நீயே தேடினியேக்கா."

"அனுப்பப்போறது இதானா?"

"இல்ல. ஒவ்வொரு வாட்டியும் வேற மாதிரி வரும். அனுப்பப்போறத இனிமேதான் பண்ணணும்."

தேவசேனா எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றாள். வளையலை முழங்கைப் பக்கமாகத் தள்ளிவிட்டு, தன் பெயரிருந்த பொத்தானின் மேல் விரல் வைத்தாள்.

"அப்போ இத நானே இழுக்கறேன். வுடுவியாடா?"