பாதிப் பாலமும் மூன்றாவது ஆளும்

1

இந்தக் கதை ஒரே ஒரு வரியிலிருந்து வந்தது. அந்த வரியை எழுதியவனும் நான்தான். "ஏழாவது பொருள், நடைபாலம்: போதிய உறுப்பினர்கள் இல்லாததால் ஒத்திவைக்கப்பட்டது." ஓவர் ஸ்டெர்ன் ஊராட்சிக்கு நான் எழுத்தர். சம்பளம் வாங்குகிறவன் என்பதால் உறுப்பினராக முடியாது, ஓட்டும் கிடையாது. கூட்டத்தில் என்ன முடிவானது என்று குறித்துவைக்கலாம், அவ்வளவுதான். யார் இருமினார்கள், யார் கண்ணைத் துடைத்தார்கள் என்பதெல்லாம் கூட்டக் குறிப்பில் வரக் கூடாது. அதை எங்காவது இறக்கிவைக்காவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வெள்ளி அரைஞாண் போல வளைந்து ஓடும் வின்னல் ஆறு, இரு ஊர்களின்" (நிறுத்திவிட்டேன். வின்னல் ஒரு சேற்றுக் கால்வாய். அதில் தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்று மூன்று வருஷமாகக் கிடக்கிறது.)

அடுத்து: "அன்புக்கு எல்லைக்கோடு உண்டா என்று" (வெட்கமாக இருந்தது.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். மேவிஸ் தக்வெல்லுக்கு எழுபத்தொன்பது வயது. வின்னலுக்கு அக்கரையில், நெதர் ஸ்டெர்னில் இருக்கிறார். கணவர் லெஸ்லி இக்கரையில், எங்கள் ஊர் முதியோர் இல்லத்தில். தினமும் நாலு மணித் தேநீருக்கு மேவிஸ் நடைபாலத்தைத் தாண்டி வந்துவிடுவார். லெஸ்லிக்கு எல்லாம் மறந்துகொண்டு வந்தது. மனைவியின் பெயரும் போய்விட்டது. ஆனால் நாலு மணிக்கு ஒருத்தி வருவாள், கோப்பையில் இரண்டு கரண்டி சர்க்கரை போடுவாள் என்பது மட்டும் நின்றிருந்தது. பிப்ரவரி வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோய்விட்டது.

2

இனி கொஞ்சம் பூகோளம். பொறுத்துக்கொள்ளுங்கள், கதையைக் கொல்வதே இந்தப் பூகோளம்தான்.

ஆற்றின் நடுவில் ஒரு பழைய கல்தூண் இருக்கிறது. அதுதான் இரண்டு ஊராட்சிகளுக்கும் எல்லை. பாலத்தை யார் கட்டுவது? மாவட்டத்தைக் கேட்டால் தனக்கு மேலே இருக்கும் கவுன்ட்டி மன்றத்தைக் கேள் என்றார்கள். கவுன்ட்டியைக் கேட்டால், இரண்டு ஊராட்சிகளும் ஆளுக்குப் பாதி என்றார்கள். மாவட்ட மன்றத்தையே வரும் ஏப்ரலில் கலைத்துப் பெரிய மன்றம் ஒன்றில் கரைக்கப்போகிறார்கள். அங்கே போன் எடுப்பவர் மேசையைக் காலி செய்துகொண்டே பேசுகிறார்.

நெதர் ஸ்டெர்ன் ஊராட்சி சுறுசுறுப்பு. கோடைக்குள் தன் பாதியைக் கட்டி முடித்துவிட்டது. கல்தூண் வரை. அதற்கு மேல் ஒரு பலகைகூட இல்லை, அடுத்த ஊராட்சியின் இடத்தில் கை வைப்பது மரியாதையில்லையாம். முனையில் ஒரு கம்பித் தடுப்பையும் அபாய அறிவிப்பையும் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

(கதையின் முதல் வரைவில் இந்தப் பாதிப் பாலத்தை எடுத்துவிட்டேன், யாரும் நம்ப மாட்டார்கள் என்று. ஆனால் தினமும் என் ஜன்னலிலிருந்து தெரிகிறது. திருப்பி வைத்துவிட்டேன்.)

எங்கள் பாதி? எங்கள் மன்றத்தில் ஐந்து இடங்கள், ஆள் இரண்டு. மூன்று பேர் இல்லாமல் எதுவும் செல்லாது. பாதி வீடுகள் கோடையில் மட்டும் வருகிறவர்களுடையவை. மீதிப் பேரில் தேர்தலுக்கு நிற்க ஒருவருக்கும் மனசில்லை.

சாலை வழியாகச் சுற்றினால் பதினோரு மைல். பஸ் செவ்வாய்க்கிழமை மட்டும். கார் வைத்திருப்பவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். எல்லாரும் "ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மேவிஸ்" என்றார்கள். மேவிஸும் "கண்டிப்பாச் சொல்றேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் இந்த ஊர்க்காரர்களுக்கு உயிர் போய்விடும். ஞாயிறுகளில் அவர் கேட்காமலே நான் போய் ஹாரன் அடிப்பேன். ஏறிக்கொள்வார், பதினோரு மைலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வருவார்.

மற்ற நாட்களில் நாலு மணிக்குப் பாதிப் பாலத்தின் முனைக்கு வந்து நிற்பார். மழை இல்லையென்றால் இல்லத்துப் பெண் லெஸ்லியைச் சக்கர நாற்காலியில் வைத்து இந்தக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வருவாள். மேவிஸ் ஃப்ளாஸ்க் மூடியைத் தூக்கிக் காட்டுவார்.

"அந்தம்மா ஏன் அங்கயே நிக்குறாங்க?" என்று கேட்பார் லெஸ்லி.

3

இந்த இடத்தில் எனக்கு மேவிஸ் மேலேயே சந்தேகம் வந்தது. கதாநாயகி இப்படியா இருப்பாள்? ஒரு வரைவில் அவரைக் கத்தவைத்தேன், மாவட்ட அலுவலகத்தின் வாசலில் உட்காரவைத்தேன். நாலு பக்கம் வந்தது. அது வேறு யாரோ. நிஜ மேவிஸ் சட்டத்தைப் படித்தார். ஊராட்சி எல்லையிலிருந்து மூன்று மைலுக்குள் வசிப்பவரும் உறுப்பினராக நிற்கலாம் என்று இருந்தது.

எங்கள் இரண்டு உறுப்பினர்களில் ஒருவரான ஐலீன் ஸ்கேட்ஸ் அவருடைய பள்ளித் தோழி. சேதி கேட்டதும் போனிலேயே சிரித்தார்.

"உன் வீடு பதினோரு மைல்டி!"

"சட்டம் ரோட்டப் பாக்காது. மேப்புல நேர்கோடு போட்டுத்தான் பாக்கும். நேரா ஒன்றரை மைல்."

"அப்போ அந்தக் கோட்டு மேலயே நடந்து மீட்டிங்குக்கு வந்துடு."

எதிர்த்து யாரும் நிற்கவில்லை, மேவிஸ் ஜெயித்துவிட்டார். மறுநாள் மாவட்டத்திலிருந்து ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். "இப்போ உங்களுக்கு மூணு பேர் இருக்காங்களே! தற்காலிகமா ரெண்டு பேரை நியமிக்க இருந்தோம். இனிமே வேண்டியதில்ல."

நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல?

4

அக்டோபர் கூட்டம். மண்டபத்தில் குளிர். தலைவரும் இன்னொரு உறுப்பினருமான நைஜல் பார்ஃபிட் எப்போதும் போல ஒரே மூச்சில் கேட்டார்: "இன்றைய பொருள் எதிலாவது யாருக்காவது சொந்த நலன் உண்டா இல்லை நல்லது அடுத்தது." அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. மேவிஸ் கையைத் தூக்கினார்.

"எனக்கு இருக்கு, தலைவரே. ஏழாவது. என் வீட்டுக்காரர் இந்தக் கரையில இருக்கார். பாலம் வந்தா எனக்குத்தான் லாபம்."

"வாய மூடு, மேவிஸ்," என்றார் ஐலீன் பல்லைக் கடித்துக்கொண்டு. "உன்ன யாரு கேட்டா?"

"அவர் இப்பதானே கேட்டாரு."

நைஜல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுஷன், முகம் தொங்கிப்போய்விட்டது. "நேர்மையாச் சொன்னீங்க. அப்போ ஏழாவது வரும்போது நீங்க கொஞ்சம்..."

"வெளிய போயிடறேன். தெரியும்."

ஏழாவது வந்தது. மேவிஸ் கைப்பையை எடுத்துக்கொண்டு போய், சத்தம் வராமல் கதவைச் சாத்தினார். நைஜல் ஐலீனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேர்தான்," என்றேன்.

"அவங்களுக்கு விதிவிலக்குக் குடுக்கலாமா?"

"அதுக்கும் மூணு பேர் வேணும்."

ஐலீன் மேசையில் தட்டினார். "இது பைத்தியக்காரத்தனம். அவள உள்ள கூப்பிடு நைஜல், நான் பாத்துக்கறேன்."

"அவங்க ஓட்டுல பாலம் வந்துச்சுன்னா நாளைக்கு ஊரு அவங்களத்தான் பேசும், ஐலீன். அவங்களால தாங்க முடியாது."

அது உண்மைதான். அந்த வரியை எழுதினேன். ஐலீன் கதவைத் திறந்தார். "முடிஞ்சுதா?" என்று கேட்டார் மேவிஸ்.  உள்ளே வந்து உட்கார்ந்து, எட்டாவது பொருளான புல்வெட்டுக்கு ஆதரவாகக் கை தூக்கினார்.

5

கதைக்கு நான் யோசித்த முடிவுகள்:

அ) மேவிஸ் பதவி விலகுகிறார். மறுபடி இரண்டு பேர். மாவட்டம் ஆட்களை நியமிக்க வேண்டும். அதற்குள் மாவட்டமே இருக்காது.

ஆ) அடுத்த கூட்டத்தில் மேவிஸ் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருக்கிறார், பாலம் வருகிறது. இதை எழுதிப் பார்த்தேன், மிக அழகாக வந்தது. ஒரு சொல்லும் உண்மையில்லை.

இ) ஊரில் யாரோ ஒருவர் நாலாவது ஆளாக நிற்க முன்வருகிறார். (ஊர்ப் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறேன். அதன் மேல் யாரோ தொலைந்த பூனையின் படத்தை ஒட்டிவிட்டார்கள்.)

ஈ) நவம்பரிலிருந்து குளிர் என்று லெஸ்லியைக் கரைக்குக் கொண்டுவருவதில்லை. போன ஞாயிறு மேவிஸை நான் கூட்டிப்போனேன். அவர் சர்க்கரை போட்டுக் கலக்கினார். லெஸ்லி விருந்தாளியைப் பார்ப்பது போல மரியாதையாகப் பார்த்தார்.

"இங்க ஒருத்தி வருவா," என்றார். "நாலு மணிக்கு. இப்பல்லாம் வர்றதில்ல."

"வழி கஷ்டமா இருந்திருக்கும்," என்றார் மேவிஸ்.

'ஈ' என்பது முடிவு அல்ல. நடந்தது. எந்த முடிவை எழுதினாலும் அது இதற்குப் பிறகுதான் வரும் என்பதுதான் என்னைக் கொல்கிறது. இனி பாலம் வந்து யாரிடம் போவது?

6

ஆகவே முடிவை ஓட்டுக்கு விடுகிறேன். மூன்று பேர் வேண்டும். மேவிஸுக்கு இதில் சொந்த நலன் இருக்கிறது, அவரே சொல்லிவிட்டார். நான் எழுத்தர், எனக்கு ஓட்டு இல்லை. படிக்கிற நீங்கள் ஒருவர்.

பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, பாருங்கள். இன்னும் இரண்டு பேர் போதும். அதுவரை மேவிஸ் நாற்காலி இல்லாத நடைவழியில், மூடிய கதவுக்கு வெளியே, கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நாம் உள்ளே பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.