இரண்டு இருக்கை வண்டி

பரஞ்சோதி அண்ணன் நெஞ்சுவலியில் இறந்துபோய் எட்டு நாள்தான் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அவருடைய கார் திகாம் பத்து ஊரிலிருக்கும் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும், பார்க்க முடியவில்லை என்று அவர் மனைவி ரமணி சொல்லிவிட்டார். ஜித்ராவில் இருக்கும் மகள் நளினியிடம் அதைச் சேர்க்க வேண்டும். ஓட்டப்போவது என் மகளின் கணவன் காளிதாசன், மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைத் துடைத்துக் கொடுத்தவன் என்று என்னையும் கூடப் போகச் சொன்னார்கள்.

ஐம்பது வருஷத்து ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. ஆறு சிலிண்டர் எஞ்சின் முன்பக்கத்தை அடைத்துக்கொண்டதால் மூக்கு நீளம். ஓட்டுகிறவர் கிட்டத்தட்ட பின்சக்கரத்தின் மேல்தான் உட்கார வேண்டும். முன்விளக்குகள் ஆழமான குழிக்குள் இருக்கும். துடைக்கும்போது அந்தக் குழிகளை நான் அதிகம் பார்ப்பதில்லை.

காலை பத்து மணி. சாவியை வாங்கிய காளிதாசன், வாய்ப்பழக்கத்தில், மாலை போட்ட படத்தைப் பார்த்து, "போயிட்டு வரேண்ணே" என்றான்.

ரமணியின் முகம் வெளுத்தது. "சாவு வீட்டுல அப்படிச் சொல்லலாமாப்பா?"

"வாய் தவறிருச்சுக்கா. அண்ணன் கோவிச்சுக்க மாட்டாருலா."

வழியில் குரூண் ஊர் வரைக்கும் வண்டி இழுக்கவே இல்லை. ஆயிரம் கிலோதான் எடை, லோரி மாதிரி முனகியது.

"மூணு பேரு உக்காந்த மாதிரி இருக்கு மாமா. காலையில எத்தன ரொட்டி சானாய் அடிச்சீங்க?"

"ரெண்டு. ரோட்டப் பாரு."

ஓட்டம் பார்க்க வேண்டும் என்று எஸ்டேட் சாலைக்குள் திருப்பினான். இரண்டு பக்கமும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை மரங்கள், நேர்ச்சாலை. எஞ்சின் நிமிஷத்துக்கு நாலாயிரம் சுற்றைத் தாண்டியதும் முனகல் நின்று ஒரே குரலாக மாறியது. முதுகு இருக்கையில் ஒட்டியது. காளிதாசன் சிரித்தான். வேகமுள் நூற்று முப்பது. நூற்று ஐம்பது. சிரிப்பு நின்றுவிட்டது.

"காலை எடுடா."

"எடுத்துட்டேன் மாமா."

குனிந்து பார்த்தேன். அவனுடைய இரண்டு காலும் இருக்கையோடு மடங்கியிருந்தன. ஆக்சிலரேட்டர் தரையோடு அமுங்கிக் கிடந்தது.

"பிரேக்க மிதி."

மிதித்தான். "கல்லு மாதிரி இருக்கு மாமா."

தூரத்தில் செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலைக்குக் குறுக்கே ஏறிக்கொண்டிருந்தது. என் மகள் உமாராணிக்கு இது ஐந்தாம் மாசம். பரஞ்சோதி அண்ணனிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டேன்.

"அண்ணே, வரேன்னு சொன்னது இவன் வாய். வர்றது நானா இருக்கட்டும். இவன விட்டுருங்க."

ஆக்சிலரேட்டர் மெல்ல மேலே வந்தது, வேகம் தணிந்தது. டிராக்டர்காரன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கடந்து போனான்.

ஓரத்தில் நிறுத்தி, காளிதாசன் குனிந்து பெடலைக் கையால் அசைத்துப் பார்த்தான். பிறகு, "கேபிள் மாட்டிக்கிச்சு போல" என்றான். நானும் ஆமாம் என்றேன்.

அதற்கப்புறம் வண்டி இறகு மாதிரி போனது. அலோர் ஸ்டார் தாண்டும்போது அவன் சீட்டிகூட அடித்தான். நான் என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கியர் மாற்றுவதற்கு ஒரு நொடி முன்னால் என் இடது கால், கிளட்ச்சை மிதிப்பதுபோல், தானாக அமுங்கியது. நேர்ச்சாலை வந்தால் வலது கால். கையால் முழங்காலைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை.

நான் உட்கார்ந்திருந்த பக்கத்தில் பெடல் எதுவும் இல்லை.