மெயினை அணைத்தாச்சா?

என் வீட்டுக்காரருக்கு ‘இல்லை’ என்ற சொல் வாயில் வரவே வராது. சாப்பிட்டாச்சா என்றால் ஆச்சு என்பார். தட்டு காய்ந்து கிடக்கும். மாத்திரை போட்டாச்சா என்றாலும் ஆச்சுதான். கேட்டவர்கள் மனம் கோணக்கூடாதாம். பெரிய தர்மப்பிரபு!

அவரும் என் தம்பியும் சேர்ந்துதான் எலக்ட்ரிக் வேலைக்குப் போவார்கள். வெளிநாட்டு வேலைக்கு இன்டர்வியூவில் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று இருவரும் மாலை வகுப்பில் சேர்ந்தார்கள். இதைச் செய்தாச்சா, அதைச் செய்தாச்சா என்று வேலைக்கு நடுவிலும் கேட்டுக்கொண்டே இருங்கள், யோசிக்காமல் பட்டென்று பதில் வர வேண்டும் என்றாராம் வாத்தியார். அன்றிலிருந்து வீடு பட்ட பாடு!

“ஹேவ் யூ லாக்ட் தி டோர்?” என்பான் தம்பி.

“யெஸ், ஐ ஹேவ்,” என்பார் இவர். கதவு ஆவென்று திறந்து கிடக்கும்.

“பூட்டலைன்னா ‘நோ, ஐ ஹேவன்ட்’னு சொல்லணும் மாமா!” என்று அவன் தலையில் அடித்துக்கொள்வான். நான் சிரிப்பேன்.

ஒருநாள் ஒரு மாடி வீட்டில் இவர் ஏணி மேல் நின்றிருந்தார். மெயினை அணைத்தாச்சா என்று கீழேயிருந்து தம்பி ஆங்கிலத்தில் கேட்டான். “யெஸ், ஐ ஹேவ்,” என்றபடியே கம்பியைப் பிடித்தார். அணைக்கவில்லை. ஆளை உயிரில்லாமல்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அதன்பிறகு அந்தக் கேள்வியைக் கேட்காமல் தம்பியால் கம்பியில் கை வைக்க முடியவில்லை. தனியாகத்தான் வேலை செய்கிறான், ஆனாலும் கேட்கிறான்.

“பதில் வருதுக்கா,” என்றான் ஒருநாள், சோற்றைப் பிசைந்தபடியே. “மாமா குரல்தான். எப்பவும் யெஸ்தான்.”

“வேலையை விட்டுத் தொலைடா! நீயும் போயிட்டா நான் யார் முகத்தைப் பார்ப்பேன்?” என்று கத்தினேன். அவன் கேட்கவில்லை. எனக்குப் பயம் ஒரு பக்கம், அதைவிடப் பொறாமை. கட்டியவள் நான் இங்கே இருக்கிறேன், குரல் மட்டும் அவனுக்கா?

நேற்று மத்தியானமே திரும்பி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

“தையல் கடையில லைட் மாத்தப் போனேன்க்கா. மெயினை நானேதான் அணைச்சேன். ஏணியில ஏறி வழக்கம்போல கேட்டேன். ‘நோ, ஐ ஹேவன்ட்’ன்னாரு.”

“என்னடா சொல்ற?”

“இல்லைன்னுட்டாருக்கா. இறங்கிப் போய்ப் பார்த்தா, மெஷின் ஓடலைன்னு கடைக்காரர் மறுபடி மெயினைப் போட்டு வச்சிருக்காரு.”

என் மடியில் முகம் புதைத்து அழுதான். அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். உயிரோடு சூடாக இருந்தது. ஆயுசு முழுக்க வராத சொல் என் தம்பிக்காக வந்துவிட்டது. அந்த மனுஷனைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

அழுத களைப்பில் அவன் கண்ணயர்ந்தான். நான் அடுப்படிக்குப் போனேன். அவர் மாட்டிய ஸ்விட்ச் போர்டுக்கு முன்னால் நின்றேன். அவருடைய ஆங்கிலம் எனக்கு எதற்கு?

“போயாச்சா?” என்று கேட்டேன்.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுவது நின்றது.

“ஆச்சு,” என்றார், என் தோளுக்குப் பின்னாலிருந்து.

அவருடைய ‘ஆச்சு’ எனக்குத் தெரியாதா? திரும்பிப் பார்க்காமல் அவர் தட்டையும் எடுத்து வைத்தேன்.