மே மாதத்தின் மேல்பாதி

1

இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மேஜையிலிருந்த ஹார்டு டிஸ்க் ஒருநாள் ‘டிக்... டிக்...’ என்று யாரோ பல்லிடுக்கில் நகத்தைக் கடிப்பதுபோலச் சத்தம் போட்டது. பத்து வருட எழுத்து அதற்குள் இருந்தது. பதறிப்போய் வழி தேடிக்கொண்டிருந்தபோது, இதே சத்தத்தை என்னைவிடப் பொறுமையாகக் கேட்கக்கூடிய ஒருத்தி மனதில் வந்து உட்கார்ந்தாள். சித்திகா என்று பெயர் வைத்தேன். ஊர் முள்ளுக்குறிச்சி, கொல்லிமலை அடிவாரம். 2008, ஏப்ரல்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கொல்லிமலை முகட்டில் மேகங்கள் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு’

வேண்டாம். அந்த ஏப்ரலில் அடிவாரத்தில் அனல்தான் தவழ்ந்தது.

அப்புறம்: ‘சித்திகா அழகானவள்.’ இருக்கலாம். ஆனால் பழுது பார்க்கிற ஒருத்தியைப் பற்றி அதையா முதலில் சொல்வது? அடித்துவிட்டேன்.

மூன்றாவது ஆரம்பம் நிலைத்தது.

2

கணவன் ரியாசுதீனின் இரும்புக் கடையில் ஓர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, சித்திகா கம்ப்யூட்டர் சரிசெய்து கொடுத்துவந்தாள். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அம்சவேணி வந்தாள். நாற்பது வயதிருக்கும். மலைமேல் ஆலத்தூர் நாட்டில் மரவள்ளியும் மிளகும் போடுகிறவள். மடித்த துண்டுக்குள்ளிருந்து சோப்புக் கட்டி அளவுள்ள கறுப்பு ஹார்டு டிஸ்க் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள்.

“ஏனுங்க அம்மிணி, இதுக்குள்ள எங்க ஊத்து இருக்குதுங்க. தொறக்க மாட்டேங்குது.”

சித்திகாவுக்கு முதலில் புரியவில்லை. அம்சவேணி நிதானமாகச் சொன்னாள். அவள் ஊருக்கு மேலே, ஒரு பாறைக்கடியில் ஊற்று இருக்கிறது. அதிலிருந்து குழாய் போட்டால் நாற்பது வீட்டுக்குக் குடிதண்ணீர். ஆனால் ஆபீசர்கள் ஃபைலில் ‘மே மாதத்தில் வற்றிவிடும் ஊற்று’ என்று எழுதிவிட்டார்கள். ஆராய்ச்சிக்கு வந்த ஒருவர் கொடுத்துப்போன கேமராவில், போன வருடம் முழுக்க, தினமும் காலை எட்டு மணிக்கு அம்சவேணி அந்த ஊற்றைப் படம் எடுத்திருக்கிறாள். பள்ளிக்கூட வாத்தியார் கலைமணி மாதாமாதம் படங்களை இந்தப் பெட்டிக்கு மாற்றிக் கொடுத்தார். திங்கட்கிழமை நாமக்கல்லில் குழாய் பற்றிக் கூட்டம். ஆதாரம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது வாத்தியாரின் கம்ப்யூட்டர், இப்படி ஒரு பெட்டி இருப்பதாகவே காட்டவில்லை.

“கீழ உளுந்துச்சுங்களா அக்கா?”

“இல்லீங்க. ராகிப் பானைக்குள்ளதான் பத்தரமா வெச்சிருந்தேன்.”

சித்திகா ஒயரை மாற்றினாள். முன்பக்கத்தில் சொருகியிருந்ததைப் பின்பக்கம் சொருகினாள். பிறகு இரண்டு தலை உள்ள ஒயரை எடுத்தாள். ஒரு தலை தகவலுக்கு, இன்னொன்று கரண்டுக்கு மட்டும். கரண்டு போதாமல் திணறுகிற பெட்டிகள் இதில் பிழைத்துக்கொள்வது உண்டு. பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே ஏதோ எழுந்து சுற்றத் தொடங்கியது.

ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பெட்டிமேல் வைத்து, கைப்பிடியைக் காதோர எலும்பில் அழுத்திக் கேட்டாள். எத்தனை பெட்டிகளைக் கேட்டிருப்பாள்! ஆனாலும் இந்த இடத்தில் அவளுக்கு மூச்சு ஒரு கணம் நின்றுதான் வரும். நொடிக்குத் தொண்ணூறு முறை சுற்றுகிற கண்ணாடி போன்ற தட்டு. அதன்மேல் தொடாமல் பறக்கிற ஓர் ஊசி. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒரு தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மனுஷன் செய்ததா இது, என்று அவளுக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். ‘சுபஹானல்லாஹ்’ என்று உதடு தானாக அசைந்தது.

(இந்தப் பத்தியை வெட்டச் சொன்னார் நண்பர். கதை நிற்கிறதாம். நிற்கட்டும்.)

படங்கள் வந்தன, ஆனால் ஆமை வேகத்தில். ஒரு படம் திறக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. மேலிருந்து கோடு கோடாக இறங்கியது: முதலில் வானம், பிறகு ஒரு கிளை, பாறை, கடைசியாகத் தண்ணீர். ஜனவரி ஒன்று. தண்ணீர் வந்தபோது அம்சவேணி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

“வருது பாருங்க! கொடத்துல ஊத்தறாப்புல வருது!”

இங்கேதான் சித்திகா தவறு செய்தாள். ஜனவரியிலிருந்து வரிசையாகப் படங்களை எடுக்க ஆரம்பித்தாள். ஏப்ரல் முடிய மூன்று மணி நேரம் ஆயிற்று. மே மாதத்தைத் தொட்டதும் ‘டிக்... டிக்...’ என்றது. திரையிலிருந்து பெட்டி காணாமல் போனது. தொட்டால், அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்.

“எந்த மாசம் முக்கியம்னு மொதல்லயே கேட்டிருக்கோணும்,” என்றாள் சித்திகா. குரல் இறங்கிவிட்டது. “தப்பு என்னுதுதானுங்க்கா.”

3

இங்கே அம்சவேணி அழுவதாக எழுதினேன். நாலு வரி. நன்றாகவே வந்திருந்தது. மறுநாள் படித்தபோது அது நான் அழுதது என்று தெரிந்தது. முந்நூற்றறுபத்தைந்து காலை ஒரே பாறைக்கு ஏறிப் போனவள் அப்படி அழமாட்டாள். அவள் கேட்டது வேறு.

“சூட்டுலதான் நிக்குதுங்களா?”

“ஆமாங்க. இங்க அடிக்கிற வெக்கைக்கு இனித் தாங்காது.”

“அப்ப மேல வாங்க. எங்கூருல குளுருதே.”

சித்திகா கணவனைப் பார்த்தாள். ரியாசுதீன் ஆணி எடை போட்டுக்கொண்டே சொன்னான்: “போயிட்டு வா. பஸ்ஸுல பொட்டிய மடியிலயே வெச்சுக்க, குலுங்கக் கூடாது.”

4

ஞாயிறு காலை முதல் பஸ். ஒவ்வொரு வளைவிலும் காற்று ஒரு படி குளிர்ந்தது. சித்திகா இரண்டு கையாலும் பெட்டியைத் தாங்கிக்கொண்டு, சன்னலுக்கு வெளியே ‘அடிவாரம் ஒரு’

(உவமை வரவில்லை. அப்படியே விடுகிறேன். அவளும் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.)

மேலே, கலைமணி வாத்தியார் வீட்டில் கம்ப்யூட்டர் தயாராக இருந்தது. அம்சவேணி ஊற்றுக்குப் போய் ஒரு தூக்குப்போசி நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். மூடி போட்டு, மூடிமேல் காய்ந்த துணி விரித்து, அதன்மேல் சித்திகா பெட்டியை வைத்தாள்.*

“ஒரே ஒரு நாளு சொல்லுங்க்கா. அதை மட்டும் கேப்போம்.”

அம்சவேணி யோசிக்கவேயில்லை. “மே பத்தொம்பது. கத்திரி வெயிலு மண்டையப் பொளந்துச்சு அன்னிக்கு.”

சித்திகா சொடுக்கினாள். வானம் வந்தது, வெளுத்துப்போய். இலையில்லாத கிளை. பாறையின் நெற்றி. பாறையின் அடிப்பக்கம். அங்கே நின்றது.

பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது மெல்லத் தேய்ந்து, ஓய்ந்தது. சித்திகா ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்தாள். ஒன்றுமில்லை. திரும்ப எத்தனை முறை போட்டாலும் இனி ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. படத்தின் கீழ்ப்பாதி, தண்ணீர் இருக்கவேண்டிய இடம், வெறும் சாம்பல் நிறம்.

“சரி விடுங்க,” என்றார் வாத்தியார்.

சித்திகா விடவில்லை. திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

“அக்கா, பாறைக்கு அடியில இது என்னங்க? வலை மாதிரி, வெள்ளையா?”

“அதா? எட்டு மணி வெயிலு தண்ணியில பட்டு மேல அடிக்குமுங்க. ஆடிக்கிட்டே இருக்கும். தெனமும் பாக்கறதுதான்.”

சித்திகா திரையில் அந்த வலைமேல் விரலை வைத்தாள். தண்ணீர் படத்தில் இல்லை. ஆனால் தண்ணீரின் வெளிச்சம் பாறையில் எழுதியிருக்கிறது, நெளிநெளியாக, மீன் வலையைக் காயப்போட்டதுபோல. தண்ணீர் இல்லாமல் அந்த வெளிச்சம் எங்கிருந்து வரும்?

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். “ஆபீசருங்க இதை ஒத்துக்குவாங்களா?” என்றார்.

* ஊற்றின் படத்தைக் காப்பாற்ற ஊற்றுத் தண்ணீரே வருவது ரொம்பப் பொருத்தமாக இருக்கிறதே என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். நானும் சுளித்தேன். கிணற்றுத் தண்ணீர் என்று மாற்றிப் பார்த்தேன். அந்த ஊரில் கிணறு இருந்தால் கதையே தேவையில்லை.

5

முடிவுகள் மூன்று எழுதினேன்.

ஒன்றில் கூட்டம் ஒத்துக்கொண்டு, குழாயில் தண்ணீர் வருகிறது, குழந்தைகள் குதிக்கிறார்கள். கண்ணில் நீர் வரும்படி இருந்தது. கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில் ஓர் அதிகாரி, “பாதிப் படத்தை வைத்து என்ன செய்ய?” என்று ஃபைலை மூடுகிறார். நம்பும்படி இருந்தது. அதனாலேயே பிடிக்கவில்லை.

மூன்றாவது கீழே.

திங்கட்கிழமை, பத்தரை மணி. நீள மேஜை. அம்சவேணியும் சித்திகாவும் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை எல்லாரும் பார்த்தாயிற்று, தண்ணீர் இருக்கிறது. ‘மே?’ என்று யாரோ கேட்டாயிற்று. அம்சவேணி அந்த ஒற்றைப் பிரிண்டை மேஜையில் வைத்து, எதிரில் உள்ளவரின் பக்கம் தள்ளுகிறாள். மேல்பாதி பாறை, கீழ்ப்பாதி சாம்பல்.

எதிரில் யாரை உட்காரவைப்பது என்று ஒரு வாரம் யோசித்தேன். பெயர் கிடைக்கவில்லை. நாற்காலி காலியாக இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், நீங்களே உட்காருங்கள்.

“பாருங்க சாமி,” என்கிறாள் அம்சவேணி. “அவசரமில்லீங்க. நல்லாப் பாருங்க.”