குத்துப் பாட்டும் மூன்றாம் அத்தியாயமும்

குத்துப் பாட்டுக்கு முனைவர் பட்டமா என்று சொந்தபந்தமெல்லாம் சிரித்து ஓய்ந்துவிட்டது. சிரிக்கட்டும். எனக்குப் பிடித்த பாட்டு எனக்குப் பிடிக்கும், அதற்கு எவர் அனுமதியும் தேவையில்லை. பட்டத்துக்குத்தான் கையெழுத்து தேவை. அது வெளியிலிருந்து வந்த தேர்வாளரின் கையில் இருந்தது.

வாய்மொழித் தேர்வை யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். சித்தி தன் தையல் கடைப் பெண்களைக் கூட்டிவந்து கடைசி வரிசையை நிரப்பியிருந்தாள். என் நெறியாளர் அம்மாவோ, "வாயக் குடுத்து மாட்டிக்காத. அவர் என்ன சொன்னாலும் சரின்னுடு" என்று காலையிலேயே கெஞ்சியிருந்தார்.

தேர்வாளர் என் ஆய்வேட்டை ஒற்றை விரலால் தள்ளி வைத்தார்.

"மூணாவது அத்தியாயம் முழுக்க ஒரே ஒரு குத்துப் பாட்டு. மூணு சுரம், எட்டு எண்ணிக்கை. இதுல ஆராய என்னம்மா இருக்கு? அத எடுத்துடுங்க, கையெழுத்துப் போடறேன்."

நெறியாளர் அம்மா கண்ணாலேயே என்னைக் கும்பிட்டார். எனக்கு உள்ளங்காலிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பாட்டுக்கு ஆடித்தான் எனக்கு இசைப் பைத்தியமே பிடித்தது. அதை வெட்டிவிட்டு வாங்கும் பட்டத்தை வைத்து என்ன செய்ய, விசிறிக்கொள்ளவா?

"எடுக்க மாட்டேன் ஐயா. இந்தப் பாட்டக் கேட்டா ஜனங்க கைதட்டுவாங்க. பதிவுல அந்தத் தட்டு கிடையாது. இப்பப் போடறேன், நீங்களும் கடைசி வரிசைக்காரங்களோட சேர்ந்து தட்டுங்க. ரெண்டு தட்டும் சேர்ந்து விழுந்துட்டா அத்தியாயத்த எடுத்துடறேன்."

"இவ்வளவுதானா?" என்று சிரித்தார்.

பாட்டைப் போட்டேன். அவர் படித்த படிப்பின்படி தொடையில் விரல்விட்டு எண்ணினார். எண்ணிக்கை தொடங்கும் இடத்தில் கணீரென்று தட்டினார். அந்தத் தட்டு அறையில் அநாதையாக விழுந்தது. அரை நொடி தள்ளி, கடைசி வரிசை மொத்தமும் ஒரே கையாகத் தட்டியது.

மறுபடி எண்ணினார். மறுபடி தனியாகவே தட்டினார். தையல் கடைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"எண்ணாதீங்க சார், சும்மா தட்டுங்க" என்றாள் சித்தி.

எண்ணாமல் இருக்க அவரால் முடியவில்லை, பாவம். மூன்றாம் முறையும் கோட்டைவிட்டதும் கையைக் கீழே போட்டார். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு என்னைக் கேட்டார்.

"அந்தத் தட்டு ஏம்மா அங்க போய் விழுது?"

"குதிச்ச கால் தரையத் தொடற இடம் ஐயா அது. ஆடறவங்களுக்குத் தானா வரும். மூணாவது அத்தியாயம் முழுக்க அதத்தான் எழுதியிருக்கேன்."

ஒரு விரலால் தள்ளிய ஆய்வேட்டை இரண்டு கையாலும் இழுத்து, மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து படிக்க ஆரம்பித்தார். எல்லோரையும் உட்காரவைத்துவிட்டுக் கடைசிப் பக்கம் வரை படித்தார். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஒரு வரிகூட வெட்டவில்லை.

"டாக்டரம்மா," என்றாள் சித்தி வாசலில், "ஒரு ஆட்டம் போடலாமா?"

துறைத் தலைவர் அறைக்கு எதிரிலேயே போட்டோம்.