ஜிகினா சுற்றிய மணப்பெண்

இப்போதெல்லாம் சாப்பாட்டுக் கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் மேசைக்கு வருவதற்குள் வைஃபை வந்துவிடுகிறது. யாரும் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆனால் தொண்ணூற்றெட்டில், செங் தொழிற்பேட்டையில், கம்பியே இல்லாமல் கணக்கு பறந்து போகும் என்று சொன்னபோது, திலகவதி வேலை பார்த்த ஸ்டோரில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் திலகவதிக்கு இன்றைக்கும் மனசு குளிர்ந்துபோகும்.

அந்த பிளாஸ்டிக் தொழிற்சாலையின் ஆபீஸ் சாலைக்கு இந்தப் பக்கம், ஸ்டோர் அந்தப் பக்கம். சாலையைத் தோண்டி கேபிள் போட அனுமதி கிடைக்கவில்லை. ஸ்டோர் கிளார்க் திலகவதிதான் வெயிலென்றும் மழையென்றும் பாராமல் கணக்கு ஏற்றிய டிஸ்கெட்டைத் தூக்கிக்கொண்டு லோரிகளுக்கு நடுவே ஓடுவாள். அந்த ஓட்டத்தை நிறுத்தத்தான் ஆயர் குரோவிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனி ஆள் ரெஜினால்ட் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினான்.

நல்ல பையன்தான். வாய் மட்டும் ஓயாது.

"இந்தப் பெட்டிக்குப் பேரு பிரிட்ஜ். பாலம் மாதிரிதான், ஆனா கண்ணுக்குத் தெரியாது. ஜன்னலுக்கு வெளிய தட்டு மாதிரி நிக்கிதே, அது ஆன்டெனா. இங்க ஒன்னு, ஆபீஸ் கூரையில ஒன்னு. ரெண்டும் நேருக்கு நேரா பாத்துக்கிட்டே இருக்கணும். அதைத்தான் லைன் ஆஃப் சைட்னு சொல்லுவோம். பாத்துக்கிட்டா பெட்டியில பச்சை லைட்டு. இல்லாட்டி சிவப்பு. அவ்வளவுதான் லா."

பேக்கிங் பெத்தம்மாள் அக்கா விடுவாளா? "பாத்துக்கிட்டே இருக்கணுமா? அப்ப அது மாப்பிள்ளை, இது பொண்ணு!" என்றாள். அன்றோடு ஆன்டெனா என்ற பெயர் அங்கே செத்துப்போனது. காலையில் பச்சை எரிந்தால் "பொண்ணு முழிச்சிட்டா" என்பார்கள். மழையில் தடுமாறினால் புருசன் பொண்டாட்டி சண்டை.

திலகவதிக்கோ அது விளையாட்டில்லை. மேனேஜர் ஓங் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கறாராகச் சொல்லியிருந்தார். ஒரு மாதம் பார்ப்பார்; சரிப்படாவிட்டால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு ஸ்டோர் கம்ப்யூட்டரையும் ஆபீஸுக்கே கொண்டுபோய்விடுவார். திலகவதி மோல்டிங் லைனுக்குப் போக வேண்டியதுதான். பிளாஸ்டிக் உருகும் நெடியில் நாள் முழுக்க நிற்கும் வேலை. டைப்பிங் படித்து, நாலு இடத்தில் கெஞ்சி வாங்கிய நாற்காலி அவளுடையது. இந்தப் பேச்சை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்த மாதத்தின் கடைசி நாள் ஆயுத பூசையில் வந்து விழுந்தது. சாயங்காலம் ஓங் ஆபீஸில் உட்கார்ந்தபடியே ஸ்டோர் கணக்கைத் திரையில் பார்க்கப் போகிறார். காலையிலேயே பெண்கள் தராசு, டிராலி, ஃபோர்க்லிஃப்ட் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துப் பூ சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். திலகவதி தன் மாடியறையிலிருந்து சரக்கு எண்ணக் கீழே போனாள். மத்தியானம் மேலே வந்து பார்த்தால் பெட்டியில் சிவப்பு.

உடனே ரெஜினால்டுக்குப் போன் போட்டாள்.

"நடுவுல ஏதாச்சும் மறைக்குதா? லோரி, கிரேன்?"

"ரோடு காலியா இருக்கு ரெஜினால்ட்."

"அப்ப ஆன்டெனாவைப் பாருங்க."

ஜன்னலைத் திறந்து கழுத்தை நீட்டினாள். மணப்பெண் சர்வ அலங்காரத்தோடு நின்றாள். மேலிருந்து கீழ்வரை ரோஜா நிற ஜிகினாத் தாள், அதற்கு மேல் கனகாம்பரச் சரம், நட்டநடுவில் குங்குமம்.

"அலாமாக்! பொண்ணுக்கு ஜிகினா சுத்திட்டாங்க!"

போனில் சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரமானது. "பூ இருக்கட்டும். ஜிகினா தகடு மாதிரி லா, சிக்னலை விடாது. அதை மட்டும் கழட்டிடுங்க."

சொல்வதற்கென்ன, சுலபம்தான். திலகவதி கையை நீட்டியதும் பெத்தம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"பூசை போட்ட சாமானை நாளைக்குத்தான் தொடணும். ஃபோர்க்லிஃப்டையே நிறுத்தி வச்சிருக்கோம். இது மட்டும் என்னா ஒசத்தி?"

திலகவதி பெட்டியில் எரிந்த சிவப்பைக் காட்டினாள். "அக்கா, இது பச்சையாவலன்னா நாளையிலேருந்து நான் மோல்டிங் லைன்ல."

பெத்தம்மாளின் முகம் மாறிப்போனது. அவள் வாலிபமெல்லாம் அந்த லைனில்தான் போனது. காலில் நரம்பு சுருண்டு நீலம் பூத்த பிறகுதான் அவளை பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

அவள் ஜன்னல் கட்டையில் ஒரு சூடத்தை ஏற்றிக் காட்டினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு தானே கையை விட்டுப் பூச்சரத்தை ஒதுக்கி, ஜிகினாவைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள்.

"பாருடி ஆத்தா, நல்லாப் பாரு. மாப்பிள்ளை அந்தா நிக்கிறான்."

சிவப்பு இரண்டு தடவை மினுக்கிவிட்டுப் பச்சையானது. பூச்சரம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. திலகவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவசர அவசரமாகக் கணக்கை அனுப்பினாள். சாயங்காலம் ஓங்கிடமிருந்து போன் வந்தது. எல்லாம் தெரிகிறது, பெட்டி அங்கேயே இருக்கட்டும் என்றார்.

திலகவதி ஓடிப்போய் பெத்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பூசையில வச்சதைக் கழட்ட வச்சிட்டேனே அக்கா."

பெத்தம்மாள் கசங்கிய ஜிகினாவை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தப்புன்னா என் தலையில வரட்டும். அந்த லைன்ல நான் நின்னது போதும்."